காய்ந்த பானெட்

கோமளம் டீச்சரிடம் "பனி விழுகிறது" என்று சொல்லி யாரும் தப்பித்ததில்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். பனி உண்டாகும் விதத்தை விவரி, ஐந்து மதிப்பெண். எந்தப் பெண்ணாவது "இரவில் வானத்திலிருந்து பனி விழுகிறது" என்று விடையை ஆரம்பித்தால் போதும், மீதியைப் படிக்கவே மாட்டாள். சிவப்பு மையில் பெரிதாக ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவாள். பனி எங்கிருந்தும் விழுவதில்லை, இருக்கிற இடத்திலேயே உண்டாகிறது என்பது அவள் கட்சி. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் பால் போட வருகிறவரைக்கூடத் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்ட டீச்சர்தான் இந்த மார்கழியில் ஒரு கார் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல மனுஷரைத் திருடர் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கார் அவள் கணவர் வாங்கியது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. மகன் சுஹாஸ் டொராண்டோவில். "வண்டிய வித்துடும்மா, ஆப்ல கூப்பிட்டா வாசல்ல வந்து நிப்பான்" என்று மாதம் ஒருமுறையாவது சொல்வான். ஆப்பில் வருகிறவன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இடம் தெரியவில்லை என்று போன் பண்ணி, அவளைத் தெருமுனைக்கு வரச் சொல்வான். அதெல்லாம் டீச்சருக்கு ஆகாது. அவளுக்கு மெஹபூப் அலி இருந்தார். மீர்சாகிப்பேட்டைக்காரர், ஐம்பத்தாறு வயது, பதினோரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர். காலை எட்டு மணிக்கு வந்து வண்டியைத் துடைப்பார். கீரை வாங்க, தி.நகரில் புடவை மாற்ற, அடையாறில் பல் டாக்டரைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அவர்தான். கார் சாவி ஒன்று அவரிடமே இருக்கும், இன்னொன்று டீச்சரின் பீரோவில். வாட்ச்மேன் நின்றுபோன பிறகு கேட் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். பதினோரு வருஷத்தில் டீச்சர் அவரை ஒரு நாளும் "நீ" என்று கூப்பிட்டதில்லை.

மார்கழி வந்தால் அவள் நாலரைக்கு எழுந்து குளித்து, ஐந்தேகாலுக்குக் கீழே இறங்கிவிடுவாள். மாட வீதியைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டி அவள் தெரு வழியாகத்தான் போகும். அதன் ஜால்ரா சத்தம் கேட்கும்வரை வண்டி பக்கத்தில் நிற்பாள். கட்டடத்தில் தூண்களுக்கு அடியில் ஏழு வண்டி நிற்கலாம், திறந்தவெளியில் மூன்று. டீச்சரின் வண்டிக்குத் திறந்தவெளிதான் வாய்த்தது. தரைத்தள வீட்டின் சுவரைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு அது நிற்கும். மார்கழி விடிகாலையில் பானெட் முழுக்கப் பனி பூத்திருக்கும். டீச்சர் அதில் விரலால் ஸ்ரீராமஜெயம் என்று எழுதுவாள். எழுதிவிட்டுத்தான் கோஷ்டியோடு போவாள். எட்டு மணிக்கு மெஹபூப் துணியை எடுத்து வண்டி முழுவதும் துடைத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார், வெயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இதை அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

தரைத்தள வீட்டுக்கு ஐப்பசியில் மஹதி என்ற பெண் குடிவந்திருந்தாள். பெருங்குடியில் ஐடி வேலை, பாட்டும் உண்டு. இந்த சீசனில் இரண்டு சபாக்களில் மதியக் கச்சேரி கிடைத்திருந்தது, அதற்காக விடிகாலை நாலு மணிக்கே உட்கார்ந்து சாதகம் பண்ணிக்கொண்டிருந்தாள். நாலு மணி என்பது டீச்சருக்கு ஆழ்ந்த தூக்கத்தின் கடைசி அரைமணி. அந்த அரைமணியை யார் கெடுத்தாலும் அவளுக்குப் பொறுக்காது. ஒரு சனிக்கிழமை வாட்ஸப் குரூப்பில் செய்தி போட்டாள்: "விடியற்காலையில் சாதகம் செய்வது நல்ல பழக்கமே. ஆனால் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கும் ஒரு நேரம் உண்டு." மஹதி கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். மறுநாளிலிருந்து பாட்டுச் சத்தம் மேலே வரவில்லை. நம் பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று டீச்சருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பானெட்டில் விரலை வைத்தாள். எழுத்து வரவில்லை.

பனி இல்லை. துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. பக்கத்து ஸ்கூட்டரின் சீட் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, அதற்கடுத்த கார் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது. தன் வண்டி மட்டும் இப்படி. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. ராத்திரி முழுக்கத் தூங்கின வண்டிக்கு ஏது சூடு? எஞ்சின் ஓடியிருந்தால்தானே பானெட் சுடும்? அதற்குள் ஜால்ரா சத்தம் கேட்டது. டீச்சர் கோஷ்டியோடு போய்விட்டாள், ஆனால் அன்று வாய்தான் பாடியது, மனசு வண்டிப் பக்கமே நின்றுவிட்டது.

திங்கட்கிழமையும் அதேதான். பானெட் காய்ந்து கிடந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. பீரோவைத் திறந்து பார்த்தாள், தன் சாவி வைத்த இடத்தில் இருந்தது. மீட்டரைப் பார்க்கலாம்தான், ஆனால் நேற்று எவ்வளவு ஓடியிருந்தது என்று யார் குறித்து வைத்தார்கள். பஜனையிலிருந்து திரும்பி வந்து ஜன்னலருகே நின்றபோது மணி ஆறு. எட்டு மணிக்கு வரவேண்டிய மெஹபூப் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நேராக வண்டியிடம் போனார். பானெட்டில் கையை வைத்தார். அப்புறம் நிமிர்ந்து அவள் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் சட்டென்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

சூடு ஆறிவிட்டதா என்று பார்க்கிறார், பார்த்தாயா? நான் எழுந்துவிட்டேனா என்றும் பார்க்கிறார். டீச்சரின் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அவளுக்குச் சந்தேகம் வருவதற்கு நேரம் பிடிக்கும், வந்துவிட்டால் பிறகு எது நடந்தாலும் அந்தச் சந்தேகத்துக்குத் தீனியாகிவிடும். ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு சவாரி ஓட்டுகிறார், விடிவதற்குள் கொண்டுவந்து வைக்கிறார், பிறகு ஒன்றும் தெரியாதவர்போல வந்து நிற்கிறார். அன்று சாயங்காலம் மாடிப்படியில் இரண்டாவது மாடி ராஜநாயகம் எதிரே வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் விடிகாலையில் அவர் காரை ஓட்டி சாந்தோம் மாதா கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போகிறவரும் மெஹபூப்தான். டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப நிறைய பேர் இப்படிப் பண்றாங்களாம் டீச்சர். போன வாரம்கூட நியூஸ்ல காமிச்சாங்க" என்றார் அவர். "ஆனா மெஹபூப் அப்படிப்பட்ட ஆள் இல்லையே."

"எல்லாரையும் அப்படித்தான் சொல்றோம்" என்றாள் டீச்சர்.

செவ்வாய்க்கிழமையும் பானெட் காய்ந்து கிடந்தது. மெஹபூப் அன்றும் ஆறு மணிக்கே வந்துவிட்டார். கேட்டுப் பக்கம் நின்றார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார், டீக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். எட்டு மணிக்குத் துணியை எடுத்தபோது டீச்சர் கீழே இறங்கினாள். ராஜநாயகம் பேப்பர் எடுக்க வந்திருந்தார். எதிர்வீட்டு மாமி காய்கறி வண்டியிடம் நின்றிருந்தாள். அவர்களெல்லாம் போகட்டும் என்று டீச்சர் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

"வண்டிய ராத்திரில எங்க எடுத்துண்டு போறே?"

மெஹபூப் துணியோடு நிமிர்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக வந்த அந்த "போறே" அவர் காதில் விழுந்தது முகத்திலேயே தெரிந்தது.

"நான் எடுக்கல டீச்சரம்மா."

"அப்ப யார் எடுத்தா? மூணு நாளா பாக்கறேன். ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் நனைஞ்சு நிக்கறது, என் வண்டி மட்டும் காஞ்சு கிடக்கறது. தொட்டா சுடறது. ஒரு சாவி என் பீரோல இருக்கு. இன்னொண்ணு உன் கையில இருக்கு. மூணாவது சாவி எங்கேயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவர் துணியை நாலாக மடித்தார். "நான் உங்கள ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் கேக்க வேண்டாம். பதில் சொன்னா போறும்."

அவர் கார் சாவியைப் பானெட் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். மடித்த துணியையும் வைத்தார். ராஜநாயகத்தைப் பார்த்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். காய்கறிக்காரர்கூடத் தராசைப் பிடித்தபடியே நின்றார். ராஜநாயகம் பேப்பரோடு படி ஏறினார். அன்று மதியமே அவர் மெஹபூபுக்குப் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாக டீச்சருக்குத் தகவல் வந்தது. தப்புப் பண்ணினவர்தானே அனுபவிக்க வேண்டும் என்று அவள் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை காலை இரண்டு கார் சாவியும் அவள் பீரோவில் இருந்தன. ஐந்தேகாலுக்குக் கீழே இறங்கினாள். பானெட் காய்ந்து கிடந்தது.

டீச்சர் கையை வைத்தாள், அதே வெதுவெதுப்பு. அப்படியானால், என்று ஒரு நினைப்பு தலை தூக்கியது. அவள் அதை அமுக்கிவிட்டாள். கள்ளச்சாவி. ஆமாம், பதினோரு வருஷம் கையில் சாவி வைத்திருந்தவருக்கு இன்னொன்று செய்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மனுஷ மனசுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு, தான் செய்த தப்பு தெரிந்துவிடும் என்றால் எதிராளியின் தலையில் இன்னும் ஒரு தப்பை ஏற்றி வைக்கும். அன்று அவள் பஜனைக்குப் போகவில்லை. பகல் முழுக்க உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவளுக்கு, துணியை நாலாக மடித்த அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

சாயங்காலம் வீட்டில் எங்கோ கிடந்த சாக்பீஸ் ஒன்றைத் தேடி எடுத்தாள். இருட்டுவதற்கு முன் இறங்கிப் போய், நாலு டயரிலும் ஒரு கோடு கிழித்து, அதே கோட்டைத் தரைவரை இழுத்துவிட்டாள். வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் கோடு பிசகிவிடும். முப்பத்தோரு வருஷம் சோதனை செய்து காட்டினவளுக்கு இந்தச் சோதனை நாலாவது நாள்தான் தோன்றியது, என்ன செய்வது.

வியாழக்கிழமை அலாரம் வைத்து நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே போனாள். வானம் ஒரு மேகம் இல்லாமல் சுத்தமாக இருந்தது. காற்று அசையவில்லை. ஸ்கூட்டர் சீட், கேட்டின் இரும்புக் கம்பி, செம்பருத்தி இலை என்று எல்லாவற்றிலும் பனி கோத்திருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நாலு கோடும் நேராக இருந்தன. வண்டி நகரவில்லை.

நகரவில்லை, ஆனாலும் பானெட்டின் பாதியில் பனி இல்லை. மீதிப் பாதியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அது அவள் கால் பக்கம் புடவையில் பட்டது. காற்று. அசையாத அந்த விடிகாலையில் வெந்நீர் அறையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு சூடான காற்று. டீச்சர் டார்ச்சைத் திருப்பினாள். வண்டியின் மூக்குக்கு நேரே, சுவரில் இடுப்பு உயரத்தில், ஏசியின் வெளிப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியும். ஆனால் மார்கழி மாசத்து விடிகாலையில் மயிலாப்பூரில் ஏசி போடுகிறவர்கள் உண்டு என்று அவளுக்குக் கனவில்கூடத் தோன்றாது. அவள் வீட்டில் கார்த்திகை பிறந்தாலே ஃபேனைக்கூட ஒன்றில்தான் வைப்பார்கள்.

சுவரில் காதை வைத்தாள். அடைத்த ஜன்னலுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மஹதியின் பாட்டு கேட்டது.

டீச்சர் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். பின்கண்ணாடி பனியால் மூடி ஒன்றும் தெரியவில்லை. டிக்கியில் துளித்துளியாக நின்றது. முன்கண்ணாடியின் மேல்பாதி நனைந்திருந்தது, கீழ்ப்பாதி காய்ந்திருந்தது, வைப்பர் போட்ட தடமே இல்லை. பனியோடு வண்டியை எடுக்கிறவன் வைப்பர் போடாமல் எப்படி ஓட்டுவான்? இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கேதான் இருந்திருக்கும். ஒரு நாளாவது பின்பக்கம் போய்ப் பார்த்தாளா? விரல் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தாள்.

அங்கேயே நின்றுகொண்டு தன் பாடத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது, கடல் பக்கத்து ஊருக்குக் கேட்கவே வேண்டாம். பகலில் வெயிலை வாங்கின இரும்பும் கண்ணாடியும் இலையும் ராத்திரியில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகின்றன. மேகம் இருந்தால் போர்வைபோல் கொஞ்சம் தடுக்கும், இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். அப்படிச் சூட்டை இழந்த தகடு சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடுகிற காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாது, அந்தத் தகட்டின் மேலேயே நீராக விட்டுவிடுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதே சமாசாரம். தகடு குளிர்ந்தால் பனி உண்டு. தகட்டுக்கு யாராவது சூடு காட்டினால் பனி இல்லை, இருந்ததும் காய்ந்துபோகும். சூடு காட்டுகிறவர் எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? எத்தனை பெண்களுக்குச் சுழி போட்டிருப்பாள். இன்று அந்தச் சுழியைத் தனக்கே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்து மணிக்கு வெளிப்பெட்டி ஓய்ந்தது. அவள் இறங்கி வருகிற ஐந்தேகாலுக்குச் சத்தமும் இருக்காது, காற்றும் இருக்காது, சூடு மட்டும் மிச்சம் இருக்கும். டீச்சர் மஹதியின் கதவைத் தட்டினாள்.

மஹதி தம்பூரா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. "கேக்கறதா மாமி? ஜன்னலெல்லாம் சாத்திட்டேனே."

"கேக்கலைம்மா. விடிகாலைல ஏசி போட்டுண்டா பாடறே?"

"நீங்க அன்னிக்கு குரூப்ல போட்டேளே, அதான் எல்லாத்தையும் அடைச்சுண்டேன். அடைச்சா ஒரே புழுக்கம், மேல் ஸ்தாயில மூச்சு பிடிக்க முடியலை. பாடி முடிக்கற வரைக்கும் ஏசி போட்டுக்கறேன்." அவள் குழம்பிப்போய் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "உங்க வண்டிக்கு ஏதாவது ஆயிடுத்தா மாமி?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலை" என்றாள் டீச்சர். "நீ இனிமே ஜன்னலைத் திறந்து வச்சுண்டே பாடு. நாலு மணிக்கே பாடு. நான் சொன்னதெல்லாம் மறந்துடு."

ஏழு மணிக்கு ராஜநாயகம் வீட்டு வாசலில் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "நான் அவனை நம்பியிருக்கணும் டீச்சர்" என்றார் அவர். "நானும்தான் நியூஸ் கியூஸ்னு உளறினேன்." டீச்சர் அதைத் தடுக்கவில்லை, ஆனால் முதல் தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வாட்ஸப் குரூப்பில், போன சனிக்கிழமைச் செய்திக்குக் கீழேயே எழுதினாள்: "என் வண்டியை மெஹபூப் அலி எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. நான்தான் தவறாகச் சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கோமளம்." அனுப்பிவிட்டு இரண்டு கார் சாவியில் ஒன்றையும் கேட் சாவியையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடித்தாள்.

மெஹபூபின் வீடு மீர்சாகிப்பேட்டையில் ஒரு குறுக்குச் சந்தில், மாடியில் இருந்தது. செங்குத்தான இரும்புப் படி. பதினோரு வருஷத்தில் அவள் அங்கே வந்தது இரண்டாவது தடவை, முதல் தடவை அவர் மகள் கல்யாணத்துக்கு. அவர் மனைவி அவளைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த அம்மாளுக்குக் கோபம் இருந்தது, அது நாற்காலியைப் போட்ட விதத்திலேயே தெரிந்தது. மெஹபூப் லுங்கியோடு வந்தவர், உள்ளே போய் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"உக்காருங்கோ மெஹபூப்" என்றாள் டீச்சர்.

அவர் உட்காரவில்லை.

ஆட்டோவில் வரும்போது நன்றாகத்தான் கோத்து வைத்திருந்தாள். ஏசி, சூடான காற்று, சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரூப்பில் எழுதியதைச் சொன்னாள், ராஜநாயகத்திடம் சொன்னதைச் சொன்னாள். "என் மேலதான் தப்பு. பத்து பேருக்கு முன்னால சொல்லியிருக்கப்படாது. தனியாவும் சொல்லியிருக்கப்படாது. உங்களை நான் நன்னா அறிவேன், இருந்தும் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுக்கோங்கோ" என்று முடித்தாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏசியா" என்றார் அவர். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏசிதானா அது. அப்பாடா."

அந்த அப்பாடா எதற்கு என்று டீச்சருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றேள்?"

"நானும் பாத்தேன் டீச்சரம்மா, ஞாயித்துக்கெயம. ராஜநாயகம் சாரை கோயிலுக்கு இட்டுகினு போக வந்தேன்ல, அப்ப நீங்க பஜனைக்குப் பூட்டீங்க. அல்லா வண்டியும் நனைஞ்சி கீது, நம்ப வண்டி மட்டும் காஞ்சி கீது. இன்னாடா இதுன்னு தொட்டா சுடுது. ஒரு சாவி என்கிட்ட கீது. இன்னொண்ணு உங்க கிட்ட. அப்ப வண்டிய எடுத்தது நீங்கதானே? ராத்திரில உங்களுக்கு ஒடம்புக்கு எதனா ஆயி, யாரையோ எழுப்பி, அவங்க உங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி வந்துகிறாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள் டீச்சர்.

"போன ரம்ஜானப்போ நெஞ்சு வலின்னு தனியா ஆட்டோ புடிச்சி போனீங்களே, மூணு நாள் கயிச்சி மாத்திர வாங்க அனுப்புனப்பதானே எனக்குத் தெரிஞ்சிது. கேட்டா நீங்க சொல்லமாட்டீங்க. ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வீங்க. அதான் கேக்காம, காலைல சீக்கிரமா வந்து வந்து பாத்துகினு இருந்தேன், உங்க ஜன்னல்ல லைட்டு எரியுதா, நீங்க நடமாடுறீங்களான்னு. தெனமும் வண்டி காஞ்சி கீது. தெனமும் ராத்திரி போறாங்களே, பெருசா எதனாவா இருக்குமோன்னு பயந்துட்டேன். போன தலமாட்லயே வச்சிகினு படுத்தேன். அன்னிக்கு அதத்தான் கேக்க வந்தேன், நீங்க வேணாம்னுட்டீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். டீச்சர் அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. இரண்டு பேரும் தொட்டது ஒரே பானெட்தான், ஒரே சூடுதான். அதிலிருந்து அவள் அவரிடம் திருட்டைக் கண்டுபிடித்தாள், அவர் அவளுக்காகப் பயந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க அவள் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் இதற்கென்று ஒன்றுகூட இல்லை. அந்த அம்மாள் டம்ளரை நீட்டி, "குடிங்கம்மா" என்றாள், அவ்வளவு கோபம் இல்லாத குரலில்.

தண்ணீரைக் குடித்துவிட்டு டீச்சர் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். சாவிகளை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள், கேட்கத் தைரியம் இல்லாமல். மெஹபூப் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

"இப்ப நெஜமாவே ஒண்ணும் இல்லியே உங்களுக்கு?"

"இல்லை" என்றாள் டீச்சர். பிறகு, "எப்பவாவது படியேறினா கொஞ்சம் அடைக்கறது" என்றாள். ஒன்றரை வருஷமாக சுஹாஸிடம்கூடச் சொல்லாத விஷயம் அது.

அவர் தலையாட்டினார். "அப்ப நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

"சரி. எட்டு மணிக்கு வாங்கோ, போறும்."

"இல்ல டீச்சரம்மா" என்றார் மெஹபூப். "ஆறு மணிக்கே வந்துடறேன்."